நெய்த்துளியையும் நுண்பையையும் பிரித்தறிந்த பேராசிரியர் ஜீனத் அவர்களுக்கு

கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் கொண்டுவந்தவரே! கைக்கு வந்த வெற்றியைக் கையாலேயே தள்ளிவைத்து, அதைவிட மேலான வெற்றியோடு திரும்பி வந்தவரே! தென்னூரில் பிறந்து, தென்னூரில் படித்து, தென்னூர் நரம்பியல் ஆய்வு மையத்தின் நுண்பை ஆய்வுக்கூடத்துக்கு முதல் மேசை வந்து இறங்கிய நாள் முதல் தலைமையேற்று நடத்திய பேராசிரியர் ஜீனத் அவர்களே! உங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, உங்களோடு வேலை பார்த்தவர்கள், உங்களிடம் திட்டு வாங்கியவர்கள், உங்கள் மேசையில் தேநீர் குடித்தவர்கள் அனைவரும் எழுந்து நின்று வாழ்த்தி வாசிக்கும் மடல் இது.

குணங்களை அடுக்கி, ஆண்டுகளை எண்ணி, மாலையைப் போட்டு அனுப்பிவைப்பது எளிது. ஆனால் அப்படிச் செய்தால், இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் உறவினர்களுக்கு நீங்கள் இத்தனை காலம் என்னதான் செய்தீர்கள் என்பது விளங்காமலே போய்விடும். உங்கள் வீட்டில், "அவங்க ரத்தத்துல என்னமோ பாக்குறாங்க" என்று மட்டும்தான் சொல்வார்களாம். ஆகவே பொறுத்தருளுங்கள். சிறிது நேரம் உங்களை 'அவர்' என்று அழைத்து, நடந்ததைச் சபைக்கு முதலிலிருந்து சொல்கிறோம்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் சவ்வில் ஒரு துணுக்கைக் கிள்ளி, சிறு பையாக முடிந்து வெளியே விடுகிறது. மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டுவதைப்போல, நாள் முழுதும், ஓயாமல். அதுதான் நுண்பை. ஒரு தலைமுடியின் குறுக்கே இந்தப் பைகளை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய ஆயிரம் பைகள் நிற்கும். அனுப்பிய செல்லுக்குள் என்னென்ன இருந்ததோ, அதில் ஒரு சிட்டிகை பைக்குள்ளும் இருக்கும். மூளைச் செல்களும் பொட்டலம் கட்டுகின்றன. அவற்றில் சில மூளையைச் சுற்றியுள்ள காவலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து, கையில் ஊசி குத்துகிற இடம்வரை வந்துவிடுகின்றன.

இதன் அருமை மூளை நோய்களில்தான் தெரியும். கல்லீரலில் சந்தேகம் என்றால் ஒரு துளி சதையை எடுத்துப் பார்க்கலாம். மூளையை அப்படிக் கிள்ளிப் பார்க்க முடியுமா? பார்க்கின்சன் நோயில், மூளைச் செல்களுக்குள் சினூக்ளின் என்ற புரதம் கோணலாக மடிந்து கட்டிகட்டியாகச் சேர்கிறது. செல்லானது வேண்டாத அந்தச் சரக்கில் கொஞ்சத்தைப் பையில் போட்டு வெளியே தள்ளுகிறது. அந்தப் பையைப் பிடித்துப் பிரித்துப் படித்துவிட்டால், மண்டையைத் திறக்காமலே மூளையின் செய்தி கைக்கு வந்துவிடும். இன்றைக்கு மருத்துவர் நடையைப் பார்த்து, கை நடுக்கத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு சொல்கிறார். நடுக்கம் தெரியும்போது உள்ளே செல்கள் நிறையவே அழிந்திருக்கும். பார்க்கின்சன் அல்லாத வெறும் நடுக்கமும் உண்டு. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இவற்றைப் பிரித்துச் சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனைதான் ஜீனத் அவர்களின் கனவு.

அதற்காக மூன்று ஆண்டுகள், சனிக்கிழமை தோறும் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியிலுள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தது. பார்க்கின்சன் உள்ளவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். துணைக்கு வந்த கணவனோ மனைவியோ, நோயில்லாதவர் என்ற முறையில் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். ஒரே வயது, ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்? எல்லோரும் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பது விதி. ரத்தம் பனிக்கட்டிப் பெட்டியில் தென்னூர் வந்து சேரும். பைகள் மிதக்கும் நீரில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், ஜன்னல் வெயிலில் தூசு மின்னுவதுபோல அவை மின்னும். கருவி அவற்றை எண்ணும். புரதம் எவ்வளவு என்று தனியே அளந்து, பை எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பைக்கு எவ்வளவு என்பது கிடைக்கும்.

கிடைத்தது. எப்படிக் கிடைத்தது! நோயாளிகளின் கணக்கு ஒரு பக்கம், துணைக்கு வந்தவர்களின் கணக்கு மறுபக்கம், நடுவில் காவிரியே ஓடலாம் போல இடைவெளி. கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. திங்கட்கிழமை பத்திரிகையாளர் சந்திப்பு என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின சனிக்கிழமை, 'இத்தனை நாள் ரத்தம் கொடுத்தவங்களுக்கு நேர்ல ஒரு நன்றி சொல்லாம எப்படி?' என்று, வழக்கமாக முகாமுக்கு வராத ஜீனத் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினார். அது ரமலான் மாதம்.

மண்டபத்து வாசலில் ரெங்கம்மாள் நின்றிருந்தார். கணவருக்குப் பார்க்கின்சன் என்று முதல் முகாமிலிருந்தே வருகிறவர். பக்கத்தில் பெரிய பித்தளைத் தூக்கு. நெய்யும் பாலும் வெல்லமும் குழைந்த மணம் வாசலைத் தாண்டி வீதிவரை வந்தது.

"வாங்கோ டாக்டரம்மா! இன்னிக்கு நீங்களே எழுந்தருளிட்டேளா? அக்காரவடிசில். சனிக்கிழமையாச்சேன்னு விடியறதுக்கு முன்னாடியே தளிகை பண்ணி, பெருமாள் கண்டருளினதும் நேரா இங்க கொண்டு வந்துடுவேன். உங்களுக்கு நோன்பு, அதனால கூப்பிடப் போறதில்லை. கோச்சுக்கப்படாது."

"கோபம் என்னங்க மாமி? இந்த வாசனைக்கு முன்னால நிக்கிறதே எனக்கு இன்னிக்குப் பெரிய சோதனை" என்று ஜீனத் சிரித்தார்.

நோன்பு இருக்கிறவர் கண்ணுக்கு, யார் சாப்பிடுகிறார்கள் என்பது தனியாகத் தெரியும். உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்த ஜீனத்துக்கும் தெரிந்தது. எதிரே தொட்டியத்து வாழை விவசாயி பிச்சை; வலது கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மடியில் ஒரு தொன்னை, மேலே இலை மூடி, தொடாமல். பக்கத்தில் அவர் மனைவி மாரியாயி, தொன்னையை வழித்துக்கொண்டே, விவரம் கேட்க வந்த நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இருட்டோட பஸ் ஏறுனதுங்க. பச்சத் தண்ணி பல்லுல படல."

ஜீனத் எழுந்து அருகே வந்தார். "ஏங்க, அப்போ கையில இருக்கிறது?"

"இதுங்களா? பிரசாதம்."

"இது கணக்குல வராதா?"

"சாமி குடுத்ததுக்கு ஏதுங்க கணக்கு?" மாரியாயிக்குக் கேள்வியே வினோதமாக இருந்தது.

"வரும்னு சொல்லிராதீங்க டாக்டரம்மா" என்றார் பிச்சை. "அப்புறம் விரத நாள்ல இவ என்னத்தைத் தின்பா? இதோட மூணு தொன்னை."

"உங்களுக்கு வேண்டாம்னா சும்மா இருங்க. அடுத்தவ தொன்னைய எண்ணிக்கிட்டு!" என்றார் மாரியாயி.

"வேண்டாம்னா சொன்னேன்? மாத்திரை போட்டு அரை மணி நேரம் ஆவணுங்க, அதான் மூடி வச்சிருக்கேன்" என்று பிச்சை தொன்னையை ஜீனத்திடம் காட்டினார்.

ஜீனத் நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தார். பார்க்கின்சன் மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்தால் சரியாக வேலை செய்யாது. அதனால் நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர்களை முதலில் பார்த்து, அவர்களிடம்தான் முதலில் ரத்தம் எடுப்போம். துணைக்கு வந்தவர்களின் முறை வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் அவர்கள் தின்ற நெய் குடலைக் கடந்து, மிக நுண்ணிய கொழுப்பு உருண்டைகளாக ரத்தத்தில் மிதக்கத் தொடங்கியிருக்கும். நோயாளிகள் மடியில் நிறைந்த தொன்னை. துணைக்கு வந்தவர்கள் காலடியில் காலித் தொன்னை. கருவியே இல்லாமல் இரண்டு கூட்டத்தையும் பிரித்துவிடலாம் போல் இருந்தது.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். அந்தக் கொழுப்பு உருண்டைகளில் பல, அளவில் நுண்பைகளைப் போலவே இருக்கும். ஒளி பட்டால் அவையும் மின்னும். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. பத்துப் பொட்டலத்தில் இருபது கிராம்பு இருந்தால், பொட்டலத்துக்கு இரண்டு. அந்தப் பத்தோடு இருபது கூழாங்கற்களையும் பொட்டலம் என்று எண்ணிவிட்டால், பொட்டலத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. கிராம்பு குறையவில்லை, எண்ணிக்கைதான் வீங்கியது. துணைக்கு வந்தவர்களின் கணக்கு அத்தனை தாழ்ந்து கிடந்ததற்கு அதுதான் காரணமோ? மூன்று ஆண்டுகளாகக் கண்டுபிடித்தது நோயையா, தொன்னையையா?

முகாமுக்கு வாராவாரம் போன எங்களுக்கு ஏன் இது தெரியவில்லை என்றால், நாங்களும் ஆளுக்கொரு தொன்னை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று மதியம் தென்னூர் ஆய்வுக்கூடத்தில், எடமலைப்பட்டி புதூர் வீட்டிலிருந்து ஓடிவந்த எங்கள் டெக்னீஷியன் மார்ட்டின் குழாய்களைச் சுழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பிச்சையின் குழாய் தெளிந்த மஞ்சள். மாரியாயியின் குழாயில் மெல்லிய பால் நிறம்.

"இப்படிக் கொஞ்சம் கலங்கல் அப்பப்போ வரும் மேடம். வயசானவங்க, கொலஸ்ட்ரால் இருக்கும்னு நெனச்சோம்" என்றார் மார்ட்டின்.

நரம்பியல் மருத்துவர் கலையரசன், ஆய்வின் இணைத் தலைவர், கதவருகே நின்றார். "மேடம், திங்கக்கிழமை பிரஸ் வருது. பேனர்கூட அடிச்சாச்சு."

"பேனர்ல என்ன போட்டிருக்கு?"

"'திருச்சியின் சாதனை'ன்னு."

"'அக்காரவடிசிலின் சாதனை'ன்னு மாத்தச் சொல்லுங்க."

கலையரசன் குரலைத் தணித்தார். "பேப்பர் வரட்டும் மேடம். பின்னாடி ஒரு திருத்தம் போட்டுக்கலாம். உலகத்துல எல்லாரும் பண்றதுதான்."

"கை நடுங்குற ஒருத்தர் இதை நம்பி நம்மகிட்ட வருவாரு கலை. உங்களுக்கு நோயில்லைன்னு சொல்லி அனுப்புவோம். காலையில நெய்த்தோசை தின்னுட்டு வந்தாருங்கிற ஒரே காரணத்துக்கு. பரவாயில்லையா?"

"உங்களுக்கு ஓய்வுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு. மூணு வருஷ வேலையை மறுபடி முதல்லேர்ந்து... கொழுப்பைக் கழிச்ச பிறகு ஒண்ணுமே மிஞ்சலைன்னா?"

இடைவெளி முழுதும் நெய்யாகவே இருந்திருக்கலாம். அப்படியென்றால் கையில் ஒன்றுமில்லாமல்தான் ஜீனத் இந்த மையத்தின் வாசலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

"ஒண்ணும் இல்லைன்னா, இல்லைன்னு எழுதிட்டுப் போறேன்" என்றார். "இல்லாததை இருக்குன்னு எழுதிட்டுப் போனா வீட்டுல எனக்குத் தூக்கம் வராது."

மாலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பிச்சை கொடுத்தனுப்பிய பூவன் பழத்தை உரித்து ஜீனத் நோன்பு திறந்தார்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், ஆய்வுக்கூடமே பந்தி மண்டபம் ஆயிற்று. பரீட்சை இதுதான்: எல்லோரும் வெறும் வயிற்றில் ஒரு குழாய் ரத்தம் கொடுப்பது, நெய் வழியச் சாப்பிடுவது, மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு குழாய் கொடுப்பது. அதே ஆள், அதே மூளை, அதே நுண்பைகள். நடுவில் நுழைந்தது நெய் மட்டும். விஷயம் தெரிந்த ரெங்கம்மாள் கண் கலங்கி வந்து நின்றார்.

"ஐயோ டாக்டரம்மா, என் கையாலயா எல்லாம் கெட்டுது?"

"உங்க கையாலதாங்க மாமி பிடிபட்டுது" என்று ஜீனத் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

ரெங்கம்மாளே பரிமாறினார். ஜீனத் தம் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் கொண்டுவந்து சாப்பிட்டார். கலையரசன் தொன்னையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"இன்னொண்ணு வைங்க மாமி. ஆராய்ச்சிக்காக."

"ஆராய்ச்சிக்கு ரெண்டு போதும். மூணாவது உங்க தொப்பைக்கு!"

மூன்று மணி நேரம் கழித்து எடுத்த குழாய்களில் எண்ணிக்கை பொங்கி வழிந்தது. அக்காரவடிசிலும் நெய்ச்சோறும் ஒரே மாதிரிதான் மின்னின. ஜீனத்தின் ஐயம் சரியே.

பிறகு தொடங்கியது அந்த ஓராண்டு உழைப்பு. எல்லாத் துகளையும் எண்ணுவதை ஜீனத் கைவிட்டார். இரும்பு கலந்த நுண்மணிகளின் மேல், நரம்புச் செல்லின் பையை மட்டும் பற்றிக்கொள்ளும் ஒரு கொக்கியைப் பொருத்தினார். குழாயோரம் காந்தத்தை வைத்தால் மணி ஒட்டும், மணியோடு பை ஒட்டும், கொழுப்போ கழுவிய நீரோடு போய்விடும். பழைய குழாய்கள் அத்தனையும் ஒதுக்கப்பட்டன. முகாமும் புதிதாகத் தொடங்கியது. வெறும் வயிற்றைக் காக்க நாங்கள் ஆயிரம் அறிவிப்பு ஒட்டியும் நடக்காததை ரெங்கம்மாள் ஒரே நாளில் நடத்திக் காட்டினார். தூக்கை வாசலிலிருந்து எடுத்து, மண்டபத்தின் பின்கட்டில், வெளியே போகும் வழியில் வைத்துக்கொண்டார். "குத்தின பஞ்சைக் காட்டுங்கோ, தொன்னையை வாங்கிக்கோங்கோ!" பிரசாதம் வாங்காமல் யாரும் ஊர் திரும்பமாட்டார்கள், ஆகவே ரத்தம் கொடுக்காமலும் யாரும் போகவில்லை. பஞ்சைக் காட்டாமல் கை நீட்டிய கலையரசனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

புதிய கணக்கு வந்தது. காவிரி போல் இருந்த இடைவெளி வாய்க்கால் ஆகியிருந்தது. எங்களில் சிலருக்கு முகம் வாடியது. ஜீனத் வரைபடத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே விரலை வைத்தார். "பாதிதான் நிக்கிது. ஆனா நிக்கிறது நெய்யில்ல. அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

அதோடு விடவும் இல்லை. நம் முகாமே எட்டிப் பார்க்காத வேறு ஊர் மருத்துவமனை ஒன்றுக்கு எழுதி, பெயரின்றி, எண் மட்டும் இட்ட குழாய்களை அனுப்பச் சொன்னார். பார்க்கின்சன் உள்ளவர், வெறும் நடுக்கம் உள்ளவர், நலமாக இருப்பவர் எல்லோரும் கலந்திருந்தார்கள். யார் எவர் என்பது அந்த மருத்துவமனைக்கு மட்டுமே தெரியும். அளந்து முடித்து எங்கள் விடையை முதலில் அனுப்பினோம். பிறகு அந்த மருத்துவர்கள் காணொலித் திரையில் தோன்றி, எந்த எண் யாருடையது என்று ஒவ்வொன்றாகப் படித்தார்கள். இந்த மடலை எழுதியவர்களில் ஒருவர்கூட அன்று நாற்காலியில் உட்காரவில்லை. சரி, சரி, சரி என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மூன்று குழாய்கள் தவிர எல்லாமே சரி! மார்ட்டின் விசிலடித்தார். கலையரசன் யாரையோ கட்டிப்பிடித்தார். அது குளிர்பதனப் பெட்டியைப் பழுது பார்க்க வந்தவர்.

ஜீனத் கேட்டது ஒன்றுதான்: "அந்த மூணு?"

இரண்டு, நோய் இருந்தும் நாம் தவறவிட்டவை. அவை தவறுதான்; கட்டுரையில் தவறென்றே எழுதியிருக்கிறார். மூன்றாவது, அவர்கள் நலமானவர் என்று அனுப்பிய குழாய். நம் அளவீடு நோய் என்றது.

"அது உங்க மெஷின் பிழையா இருக்கும்" என்றார்கள் திரையில்.

"இருக்கலாம்ங்க. இருந்தாலும் அவரை ஒருதரம் கூப்பிட்டுப் பாத்துருங்க. எனக்காக."

போன மாதம் பதில் வந்தது. அழைத்துப் பார்த்தார்களாம். அவருக்குச் சில மாதங்களாக ரசத்தின் வாசனையே தெரியவில்லையாம். சளி என்று விட்டிருந்தாராம். கையெழுத்து சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, கண்ணாடியை மாற்றினாராம். நடக்கும்போது ஒரு கை வீசவில்லை. பார்க்கின்சன், தொடக்க நிலை. கை இன்னும் நடுங்கவே தொடங்கவில்லை. இப்போது உடற்பயிற்சியும் சிகிச்சையும் பெறுகிறார், வேலைக்கும் போகிறார். நலமானவர் என்று மருத்துவரே நம்பியவரின் நோயை, ஜீனத்தின் குழாய் முன்கூட்டியே பார்த்துவிட்டது!

பேராசிரியர் அவர்களே! இனி மீண்டும் உங்களையே நோக்கிப் பேசுகிறோம். முப்பத்திரண்டு ஆண்டுகளில் எங்களில் எவராவது பளபளக்கும் முடிவோடு ஓடிவந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு, "அழகா இருக்கு. எங்க இடிக்குதுன்னு பாப்போம்" என்பீர்கள். அந்தச் சொல்லுக்கு நாங்கள் பயந்ததுண்டு. அதே சொல்லை உங்கள் சொந்த வெற்றியின் மேல் நீங்கள் போட்ட அன்றுதான், அதன் அன்பு எங்களுக்கு விளங்கியது. எண்ணும் முன் எதை எண்ணுகிறோம் என்று கேட்கக் கற்றுத் தந்தீர்கள். எளியவரின் கேள்விக்கும் எழுந்து நின்று விடை சொன்னீர்கள். உங்கள் பரிசோதனை இன்று நிற்கிறது. நாளை வேறு ஊர்களிலும் நிற்கும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அந்த மூன்றாவது குழாய் எங்களுக்குப் புது வேலை கொடுத்திருக்கிறது. நலமாக இருப்பவர்களை ஆண்டுதோறும் அளந்து தொடர்ந்து பார்க்கப் போகிறோம். அறுபது நிறைந்தவர், நிதானமான கையுள்ளவர், சொன்ன நேரத்துக்கு வருபவர் தேவை. மையத்தின் பணியாளர்கள் இந்த ஆய்வில் சேரக்கூடாது என்று விதி எழுதியவர் நீங்களே. நாளைக் காலை முதல் அந்த விதி உங்களைத் தடுக்காது. ஆண்டுக்கு ஒரு குழாய் போதும். நாற்பது குழாய்களுக்கு உங்கள் பெயரில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெறுக என்று எல்லா மடல்களும் வாழ்த்தும். நாங்களும் வாழ்த்துகிறோம். ஆனால் வாழ்த்தியதோடு விடமாட்டோம். பலித்ததா என்று ஆண்டுதோறும் அளந்தும் பார்ப்போம்.

என்றும் உங்கள்,
நுண்பை ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
தென்னூர் நரம்பியல் ஆய்வு மையம்,
திருச்சிராப்பள்ளி.